வாயை மட்டும் அசை

நத்தாருக்கு இன்னும் நாலு சனிக்கிழமை.
பெரியகல்லாற்றில் மழை
கடலுக்குப் போவதா வாவிக்குப் போவதா என்று தெரியாமல்
எங்கள் தகரக் கூரையிலேயே விழுந்துகொண்டிருந்தது.

இருபத்திரண்டு பிள்ளைகள்.
ஒரு கீபோட். அதில் மேல் ‘ரி’
அழுத்தினால் வராது, விட்டால் வரும்.
நான் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதுகிறவள்,
சனி பின்னேரம் மட்டும் டீச்சர்.

நெகேமியாவுக்குப் பத்து வயது.
மற்றவர்கள் மேலே ஏறும்போது
அவன் நின்ற இடத்திலேயே நிற்பான்,
சேற்றில் இறுகிய டிரெக்டர் மாதிரி
சத்தம் மட்டும் கூடும்.
முன்வரிசை காதைப் பொத்திச் சிரித்தது.

தனியே கூப்பிட்டேன்.
ஏசவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.
சிரித்துக்கொண்டே சொன்னேன்:
“மகன், நீ வாயை மட்டும் அசை, சரியா?
ஆருக்கும் தெரியாது.”
தலையாட்டினான்.
கைப்பைக்குள் கிடந்த டொபியும் கொடுத்தேன்.

பாட்டு உடனே அழகாகிவிட்டது.
போதகர் வாசலில் நின்று கேட்டு
கண்ணை மூடிக்கொண்டார்.

மறுகா ஞாயிறு.
கர்த்தருடைய செபம்.
ஆர் கண் திறந்திருக்கிறதென்று பார்க்க
நான் கண் திறந்தேன்.
நெகேமியாவின் உதடுகள்
ஒரு சொல்லும் பிந்தாமல், ஒரு சொல்லும் முந்தாமல்
அசைந்துகொண்டிருந்தன.
குனிந்து காது கொடுத்தேன்.
மூச்சுக்கூட இல்லை.

இரண்டு ரூபாய் குறைந்தால்
இரவிரவாகப் பேரேட்டைப் புரட்டுகிறவள் நான்.
அன்றிரவு
எதைப் புரட்டுவது?

திங்கள் வேலை விட்டு அவன் வீட்டுக்குப் போனேன்,
நெல்லு மில்லுக்குப் பின்னால்.
தாய் உமி தட்டிக் கதிரை போட்டாள்.
என்ன சொன்னாளென்று கேட்கவில்லை;
சுவர், பானை, பிளேன்ரீக் கோப்பையின் விளிம்பு
எல்லாம் ஒரே ஒரு ஸ்வரத்தில்
உம்மென்று நின்றன.
அப்போதுதான் தெரிந்தது.
அவன் சுதி தப்பினவன் இல்லை.
தொட்டிலில் கிடந்த நாள் தொட்டு
அந்த மோட்டார் போட்டுக் கொடுத்த சுதியில்
அசையாமல் நிற்கிறவன்.

தொலைந்துவிடக் கூடாதென்று
அந்த ஒரு சத்தத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு
சைக்கிளை மிதித்தேன்.
போதகரின் மனைவி “எங்க பிள்ள?” என்றாள்.
“ம்ம்ம்” என்றேன்.
பாண் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு
எதிரே வந்து என்னைக் கலைக்கப் பார்த்தது.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஒரு கையால் ஓட்டி,
கோயில் திறப்பை நடுங்க நடுங்கத் திருகி
கீபோட்டில் தேடினேன்.
மூன்று கட்டை கீழே இருந்தது.

அடுத்த சனி
பாட்டு முழுவதையும் அங்கே இறக்கினேன்.
(உடைந்த ‘ரி’ தேவைப்படாமலே போயிற்று.)
“டீச்சர், கிணத்துக்குள்ள பாடுறமாதிரி இரிக்கி,”
ஷெரோமி முகத்தைச் சுளித்தாள்.
“நத்தார் எண்டா என்ன?” கேட்டேன்.
“கேக்!” “லீவு!” “சட்டை!”
கடைசி வாங்கில் இருந்த குட்டி ஒன்று
பாடமாக்கிய குரலில்,
“ஆண்டவர் இறங்கி வந்த நாள்.”
“அவ்வளவுதான்.
நாமளும் கொஞ்சம் இறங்குவம்.”

முதல் அடியில் அவன் வாய் மட்டும் அசைந்தது.
சொன்னதை விடாமல் செய்கிற பிள்ளை.
நான் சொல்லிக் கொடுத்தவற்றில்
அவன் முழுதாகக் கற்றது அது ஒன்றுதான்.
இரண்டாம் அடி.
மழை விட்டிருந்தது.
வாங்குகளுக்கு அடியிலிருந்து வருகிறமாதிரி
மில் சத்தம் கேட்டது.

பெல்ட் அறுந்து மூன்று நாளாய்
மில் ஓடவில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை, பயத்தில்.

மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை.
பத்து வயதுப் பிள்ளையிடம்
எந்தச் சொல்லில் தொடங்குவது?
கைப்பையில் ஒரு டொபி கிடக்கிறது.
அதைக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும்
தெரிகிறது.